பனியாற்றின் மேல் குடித்தனம்

மலைப் புத்தகங்களில் எனக்குச் சலிப்பூட்டுவது கடைசி அத்தியாயம். உச்சியில் ஒருவர் நிற்பார், கையில் கொடி இருக்கும், கண்ணில் நீர் இருக்கும், கீழே எங்கோ ஓர் ஊரில் மனைவி தந்திக்காகக் காத்திருப்பாள். வழியெல்லாம் எவ்வளவு நன்றாக எழுதிக்கொண்டு வந்தாலும், இந்த இடம் வந்ததும் எல்லாப் புத்தகமும் ஒரே புத்தகமாகிவிடும். அதனால் கொஞ்ச காலமாக உச்சியே இல்லாத புத்தகங்களாகத் தேடிப் படிக்கிறேன். கணவனும் மனைவியுமாக மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, பனிக்காலத்தில், மலையும் பனியாறுமாகக் கிடக்கிற நாட்டில் நடந்து போன கதைகள். அட்டையில் சாகசம் என்று போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசி குடித்தனம். ஈரத் துணியை எங்கே காயப்போடுவது, ஓட்ஸ் இன்னும் எத்தனை நாளைக்கு வரும், இன்றைக்கு யார் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுவது.

இந்த வகையில் என் முதல் தேர்வு எரின் மெக்கிட்ரிக், பிரெட்வுட் ஹிக்மன் தம்பதி. பிரெட்வுட்டை எல்லாரும் ஹிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எரின் மூலக்கூறு உயிரியல் படித்தவர். ஹிக் புவியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2007 ஜூனில் சியாட்டில் நகரத்தில் தங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கினார்கள். கனடாவின் மேற்குக் கரை, அலாஸ்காவின் தெற்குக் கரை என்று வளைந்து வளைந்து போய், 2008 ஜூனில் அலூஷன் தீவுகளில் முதலாவதான யுனிமாக்கில் நின்றார்கள். மொத்தம் 4,000 மைல், அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர். கால், ஸ்கீ, காற்றை இறக்கி மடித்தால் மூட்டைக்குள் அடங்கிவிடுகிற சின்னப் படகு, இவ்வளவுதான் வாகனம். எரின் இதை ‘எ லாங் ட்ரெக் ஹோம்’ என்ற பெயரில் 2009-ல் புத்தகமாக எழுதினார்.

ஒரு வருஷ நடை என்றால் நடுவில் ஒரு பனிக்காலம் வந்தே தீரும். ஒதுங்கிப் போக வழியில்லை. வேண்டுமானால் ஓர் ஊரில் அறை எடுத்து மார்ச் வரை உட்கார்ந்திருக்கலாம். இவர்கள் உட்காரவில்லை.

அலாஸ்காக் குளிர் என்றதும் நமக்கெல்லாம் ஒரு படம் மனதில் வரும்: மைனஸ் நாற்பது, மூச்சு உறைந்த தாடி, சறுக்குவண்டி இழுக்கும் நாய்கள். அது உள்நாட்டுக் குளிர். கடற்கரையின் குளிர் வேறு ரகம். வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஊசலாடிக்கொண்டிருக்கும். பெய்வது மழையா பனியா என்று வானத்துக்கே தீர்மானம் இருக்காது. பனியாறுகள் சூழ்ந்த யாகுடாட் என்ற சிற்றூரில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சென்னைக்கு அதில் பாதிகூடக் கிடையாது. மைனஸ் இருபதில் விழும் பனியைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பூஜ்யத்தில் விழுவது உள்ளே இறங்கும். வாத்து இறகு அடைத்த விலை உயர்ந்த கோட்டும் போர்வையும் நனைந்தால் அப்பளமாக ஒட்டிக்கொள்ளும், சூடு நிற்காது. அதனால்தான் கரையோரம் நடக்கிறவர்கள் கனம் கொஞ்சம் கூடினாலும் செயற்கைப் பஞ்சு வைத்ததையே எடுத்துப் போகிறார்கள்.

பகல் இன்னொரு பிரச்சினை. டிசம்பர் கடைசியில் யாகுடாட்டில் வெளிச்சம் ஆறு மணி நேரந்தான். கூடாரத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, நடந்து, மறுபடி இடம் பார்த்து, கூடாரம் அடித்து, விறகு பொறுக்கி முடிக்க ஆறு மணி நேரம். மீதிப் பதினெட்டு மணி நேரம் இருட்டில், இரண்டு ஆள் படுத்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத துணிக்குடிசைக்குள். என் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டினேன். “பதினெட்டு மணி நேரமா? என்ன பேசுவாங்க?” என்றார். நாங்கள் கல்யாணம் செய்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

பேசுவதற்கு முன்னால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. குளிர்கால முகாம் வாழ்க்கையின் வேலைப் பட்டியலைப் பார்த்தால் எந்தக் கூட்டுக்குடும்பத்து மருமகளும் தலையாட்டுவாள். முதலில் தண்ணீர். சுற்றிலும் பனிதான், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டு அடுப்பில் வைத்தால் அடிப்பிடித்த வாசனை வரும். முந்தின நாள் மிச்சம் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் அடியில் ஊற்றிக்கொண்டு, அதன் மேல் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கவேண்டும். தோசை மாவுக்குப் பழைய மாவு விட்டுவைப்பதுபோல, இன்றைய தண்ணீரில் ஒரு கை நாளைக்கு என்று எடுத்துவைப்பார்கள். நிரப்பிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தவேண்டும். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால், நேராக வைத்தால் மூடி உறைந்து திறக்க வராது. கவிழ்த்து வைத்தால் உறைவது பாட்டிலின் அடிப்பக்கம், மூடிப் பக்கம் தப்பிக்கும்.

அடுத்தது ஈரம். நடக்கும்போது முதல் விதி, வியர்க்கக் கூடாது. கிளம்பும்போது லேசாக நடுங்கிக்கொண்டு கிளம்பவேண்டும். மேடு வருகிறது என்றால் ஏறுவதற்கு முன்பே ஒரு சட்டையைக் கழற்றிவிடவேண்டும். வியர்வை துணியில் தங்கிவிட்டால், நின்ற ஐந்தாவது நிமிஷம் அது குளிராகத் திருப்பி அடிக்கும். தூங்கும்போதும் இதே தொல்லை. உடம்பிலிருந்து இரவெல்லாம் வெளியேறும் ஆவி உறக்கப்பையின் பஞ்சுக்குள் புகுந்து அங்கேயே உறைந்துபோகும். தினமும் ஒரு ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆகப் பையின் எடை ஏறும், கதகதப்பு இறங்கும். அதனால் கடும் குளிரில் நீண்ட நாள் போகிறவர்கள் ஈரம் வெளியேறாத மெல்லிய உறை ஒன்றுக்குள் புகுந்துகொண்டு, அந்த உறையோடு பைக்குள் படுக்கிறார்கள். பிசுபிசு என்று இருக்கும். பழகிவிடும் என்கிறார்கள். நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பைக்குள் மனுஷர்கள் மட்டும் படுப்பதில்லை. பேட்டரி குளிரில் செத்துவிடும் என்பதால் விளக்கும் கேமராவும் உள்ளே. பூட்ஸின் உள்ளுறையை வெளியே விட்டால் காலையில் கால் நுழையாது, ஆகவே அதுவும் கால்மாட்டில். ஈர சாக்ஸ் வயிற்றின் மேல், உடம்புச் சூட்டில் காய்வதற்காக. நடு ராத்திரி வெளியே போவதைத் தவிர்க்க ஒரு பாட்டில் தனியாக இருக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலிலிருந்து இருட்டில் தடவிப் பார்த்தே அடையாளம் தெரியும்படி வைப்பது தனிக் கலை.

சாப்பாட்டைப் பற்றிப் படித்தபோதுதான் என் வீட்டுக்காரருக்கு உண்மையான ஆர்வம் பிறந்தது. மூட்டையோடு குளிரில் நாள் முழுக்க நடக்கிற ஆளுக்கு வீட்டில் இருக்கிறவரைப்போல இரண்டு மடங்கு கலோரி வேண்டும், சில நாள் அதற்கும் மேலே. மாவுப் பொருளில் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. தோளில் சுமப்பதால் கணக்கு தானாகவே கொழுப்பின் பக்கம் சாய்கிறது. வெண்ணெயைக் கட்டியாகக் கடித்துத் தின்கிறார்கள். கஞ்சியில் வெண்ணெய், நூடுல்ஸில் வெண்ணெய், படுக்கப் போகுமுன் சாக்லேட்டோடு வெண்ணெய். படுக்கும்போது சாப்பிட்டால் செரிமானம் இரவெல்லாம் உடம்பைச் சூடாக வைக்கும். போன மாதம் டாக்டர் நெய்யை நிறுத்தச் சொன்ன மனிதர் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

இரண்டு பேர் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை இந்தப் புத்தகங்கள் எதுவும் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் குறை. பனியாறு என்பது ஊர்ந்து நகரும் பனிக்கட்டி. வளைவிலும் சரிவிலும் நகரும்போது அது வெடிக்கும். அந்தப் பிளவுகள் கிணறு ஆழம், சில இடத்தில் அதைவிட ஆழம். கோடையில் வாயைத் திறந்துகொண்டு கண்ணுக்குத் தெரியும். பனிக்காலத்தில் புதுப்பனி மேலே பாலம் கட்டி மூடிவிடும். முன்பனிக் காலத்துப் பாலம் மிக மெல்லியது. மார்ச், ஏப்ரலில்தான் இறுகும், ஸ்கீ போகிறவர்கள் அந்த மாதங்களைத் தேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். இடுப்பில் கயிறு கட்டி வரிசையாகப் போவது வழக்கம். மூன்று நான்கு பேர் இருந்தால் ஒருவர் விழுந்ததும் மற்றவர்கள் சேர்ந்து தாங்கலாம். இரண்டே பேர் என்றால்? விழுந்தவரின் முழு எடையும் மேலே இருப்பவரின் இடுப்பில். அவர் குப்புற விழுந்து, பனியில் கோடரியைக் குத்தி, அந்த நிலையிலேயே ஒரு கையால் குழி தோண்டி, ஸ்கீயையோ கோடரியையோ புதைத்து, கயிற்றின் பாரத்தை அதற்கு மாற்றிவிட்டு எழுந்திருக்கவேண்டும். அதனால் இரண்டு பேர் போகும்போது இடைவெளியைக் கூட்டி, நடுக்கயிற்றில் முடிச்சுகள் போட்டுவைப்பார்கள். ஒருவர் விழும்போது பிளவின் விளிம்புப் பனியில் முடிச்சு கடித்துக்கொள்ளும், மேலே இருப்பவருக்குப் பாதி பாரம் குறையும். ஆனால் அதே முடிச்சு அப்புறம் அவரை மேலே இழுக்கும்போது தடுக்கும். கல்யாணத்துக்கு ஒப்பிடலாமே என்று கை துறுதுறுக்கிறது, விட்டுவிடுகிறேன்.

அந்த மடிக்கும் படகைப் பற்றி இரண்டு வார்த்தை. பேக்ராஃப்ட் என்பார்கள். இதன் பூர்வீகத்திலும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். டிக் கிரிஃபித்தும் மனைவி இசபெல்லும் 1952-ல் மெக்சிகோவின் செம்புப் பள்ளத்தாக்கில் சின்ன ரப்பர் படகோடு இறங்கினார்கள். அதே டிக், 1982-ல் அலாஸ்காவில் நடந்த ஒரு காட்டோட்டப் பந்தயத்தில், இளவட்டங்கள் ஆற்றங்கரையில் முழித்துக்கொண்டு நிற்கும்போது, ஐம்பத்தைந்து வயதில், மூட்டையிலிருந்து படகை எடுத்து ஊதி அக்கரை போனார். இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் உறுதியான படகை வடிவமைத்தவர் ஷெரி டிங்கி என்ற அம்மா. வடக்கு அலாஸ்காவின் மலைத்தொடரைக் கடந்து வந்த மகன் இதைவிட நல்ல படகு வேண்டும் என்று கேட்க, தையல் தெரிந்த அம்மா தைத்துக் கொடுத்தார். அது ஒரு கம்பெனியாக வளர்ந்தது. பனியாறு உருகி ஓடும் ஆறுகளில் பாலம் கிடையாது. இந்தப் படகு இல்லாவிட்டால் எரினும் ஹிக்கும் முதல் பெரிய ஆற்றிலேயே திரும்பியிருப்பார்கள். 2012-ல் இவர்களைப்போலவே 4,000 மைல், வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஆர்க்டிக் கரை வரை போன பறவை ஆய்வாளர் கரோலைன் வான் ஹெமர்ட்டும் கணவர் பாட் ஃபாரெல்லும் நம்பியதும் இதைத்தான்.

சரி, குழந்தைகள்? தம்பதிப் பயணம் என்றாலே நான் தேடுவது இந்தத் தகவலைத்தான். 1912-ல் சியாச்சின் பனியாற்றில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர் ஃபானி புல்லக் வொர்க்மன். அவரும் கணவர் வில்லியமும் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் ஏற்பாடு முழுக்க மனைவி பொறுப்பு, அடுத்த வருஷம் கணவர் பொறுப்பு. சபாஷ். ஆனால் முதுகில் மூட்டை இல்லை, அது கூலியாட்களின் முதுகில் இருந்தது. மகள் ராச்சல் விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். (பின்னாளில் அவர் புவியியலாளர் ஆனார், பனியாறு அந்தக் குடும்பத்தை விடவில்லை.) அடுத்தது பார்பரா வாஷ்பர்ன். 1940-ல் தேனிலவாகக் கணவர் பிராட்ஃபோர்டோடு அலாஸ்காவின் பெர்த்தா மலையில் ஏறியவர், கர்ப்பமாக இருந்தது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. 1947 ஜூன் 6 அன்று அலாஸ்காவின் தெனாலி மலை உச்சியில் நின்ற முதல் பெண் அவர்தான். அப்போது மூன்று குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதைப் பற்றி யாரும் பிராட்ஃபோர்டிடம் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

எரினும் ஹிக்கும் செய்தது வேறு. நெடுநடை முடிந்து அலாஸ்காவில் செல்டோவியா என்ற, சாலை போகாத சிற்றூரில், வட்டக் கூடார வீட்டில் குடியேறினார்கள். ஒரு பையன், ஒரு பெண். 2011-ல் பையனுக்கு இரண்டு வயது, பெண்ணுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. பனிக்காலம் நெருங்கும் அந்த இலையுதிர் காலத்தில் நாலு பேருமாக மலஸ்பினா பனியாற்றுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தார்கள். ஒரு வருஷத்தில் 4,000 மைல் நடந்தவர்கள் இப்போது இரண்டு வயதுக்காரனின் வேகத்தில். கல் பொறுக்க நின்றால் எல்லாரும் நிற்கவேண்டும்.

மலஸ்பினா சாதாரண இடமில்லை. 5,489 மீட்டர் உயரமுள்ள செயின்ட் எலியாஸ் மலைப்பக்கத்திலிருந்து குறுகலாக வருகிற பனி, சமவெளியை அடைந்ததும் தோசை மாவாகப் பரந்துவிடுகிறது. சுமார் 3,900 சதுர கிலோமீட்டர். சில இடங்களில் 600 மீட்டர் தடிமன், அடிப்பாகம் கடல் மட்டத்துக்குக் கீழே. 1791-ல் ஸ்பானியக் கப்பலில் இந்தக் கரைக்கு வந்த மலஸ்பினாவின் பெயரை எண்பது வருஷம் கழித்து வைத்தார்கள். அதன் ஓரங்களில் பனி அநேகமாக நகர்வதில்லை. மேலே கல்லும் மண்ணும் சேர்ந்து, அதில் புதரும், பிறகு மரமும் முளைத்து, காடாகவே நிற்கிறது. காட்டின் தரை பனிக்கட்டி. மண் ஓரிரு விரற்கடைதான் என்றால் வெயிலை வாங்கிக் கீழே இருப்பதைச் சீக்கிரம் உருக்கும். அதைவிடக் கனமாக இருந்தால் போர்வையாகிக் காப்பாற்றும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தரை ஒரே சீராகத் தாழ்வதில்லை, ஒரு பக்கம் குளமாகிறது, ஒரு பக்கம் மேடாக நிற்கிறது. குளக்கரை மரங்கள் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்களைப்போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, கடைசியில் வேரோடு தண்ணீருக்குள் சரிகின்றன. குழந்தைகள் விளையாடியது இந்த ஓரத்தில். எரின் இதையெல்லாம் ‘ஸ்மால் ஃபீட், பிக் லேண்ட்’ என்ற இரண்டாவது புத்தகத்தில் எழுதியிருக்கிறார், 2013-ல் வந்தது. என் கணக்கில் முதல் புத்தகத்தைவிட இது மேல். முதலாவதில் தூரம் இருக்கிறது, இதில் இடம் இருக்கிறது.

கைக்குழந்தையைப் பனியாற்றுக்குத் தூக்கிப் போகலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். நான் போயிருக்கமாட்டேன். அதற்காக அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 1899-ல் ஹாரிமன் என்பவரின் பயணக் குழு யாகுடாட் விரிகுடாவுக்கு வந்தபோது, பனித்துண்டுகள் மிதக்கும் நீரோரம் ட்லிங்கிட் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டு, கடல்நாய் வேட்டையாடித் தோல் உரித்துக்கொண்டிருந்ததைப் படம் எடுத்தது. பெண்களும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். பனியாற்றுப் பக்கம் ஆம்பிளை மட்டும் தனியாகப் போகவேண்டும் என்பது அங்கே பிற்பாடு போனவர்களின் வழக்கம்.

ஆபத்து இல்லை என்றும் சொல்லவில்லை. மலஸ்பினாவுக்கு மேற்கே பனி விரிகுடா, அதன் ஒரு கிளை டான் ஃபியர்டு. 1961-லிருந்து முப்பது வருஷத்தில் அங்கிருந்த பனியாறு 17 கிலோமீட்டர் பின்வாங்கியது. அதுவரை மலைச்சரிவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பனி போய்விட்டது. 2015 அக்டோபர் 17 அன்று சரிவு மொத்தமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. எழுந்த அலை எதிர்க்கரையில் 193 மீட்டர் உயரம் வரை ஏறி மரங்களைச் சீவிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல மூன்று மடங்கு. ஆள் இல்லாத இடம் என்பதால் உயிர் போகவில்லை. அதை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹிக். பனி விலகிய மலைச்சரிவுகள் எங்கெங்கே விரிசல் விட்டிருக்கின்றன என்று பார்ப்பது இப்போது அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது. 2020-ல் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் பேரி ஆர்ம் என்ற இடத்தில் இதேபோலச் சரியக் காத்திருக்கும் மலையைப் பற்றி எச்சரித்த விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். அங்கே மீன்படகும் சுற்றுலாப் படகும் போகின்றன, கொஞ்சம் தள்ளி ஊரும் இருக்கிறது.

புத்தகத்தை மூடிய பிறகு எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பாத்திரம் யார் கழுவுவது? பதில் வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். குளிர்கால முகாம்களில் கழுவுவதில்லையாம். சாப்பிட்ட சட்டியில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றி, ஸ்பூனால் சுரண்டிக் கலக்கி, ஒட்டியிருந்த வெண்ணெயோடு அதையே குடித்துவிடுவார்கள். கலோரியும் வீணாகாது, எரிபொருளும் வீணாகாது. “நாமும் இப்படியே செய்யலாம்” என்றார். வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் குடிப்பீர்கள் என்று கேட்டேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.